பூங்காவனம்மா வீட்டு ஊடல் ரூம்பு

போன மாதம் சமூக நலத்துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கையில் வழவழப்பான தாளில் கலர் கலராக அச்சடித்த ஒரு கையேடு. வீட்டில் அடிபடுகிற பெண்கள் எங்கே போகலாம், யாரிடம் சொல்லலாம், சட்டம் என்ன சொல்கிறது, எல்லாம் அதில் இருந்தது. "படிச்சுப் பாத்து குத்தங்குறை சொல்லுங்க மேடம்" என்றாள். குற்றங்குறை சொல்வதென்றால் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுகிற மாதிரி. ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்ததில் எனக்கு வந்தது பொறாமைதான்.

"உங்க டைம்ல இதுமாதிரி இன்னா மேடம் வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு மல்லாட்டை ரூம்பு வச்சிருந்தோம்" என்றேன்.

வேர்க்கடலை மூட்டை அடுக்குகிற அறையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். போகும்போது, "அத எழுதிக் குடுங்க மேடம், எங்களுக்கு உதவும்" என்றாள். உதவுமா என்று தெரியாது. எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புகையில்லா அடுப்பு கட்டவும், கோழிக்கு ஊசி போடவும், முருங்கைக்கீரையைக் குழந்தைகள் துப்பாத விதமாகச் சமைக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு தையல் மிஷினைத் தலையில் கட்டிக் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு ஊர் மாதர் சங்கம் நடத்த வேண்டும். அதுதான் வேலை. புருஷன் பெண்டாட்டியை அடித்தால் சேவிகா என்ன செய்ய வேண்டும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தையல் வகுப்புக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் ரவிக்கைக் கையை முழங்கை வரைக்கும் வைத்துத் தைக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். நான் அதைப் புது ஃபேஷன் என்று நினைத்தேன். அவ்வளவு விவரம் எனக்கு.

எனக்கு மேலே முக்கிய சேவிகாவாக இருந்தவர் லோகநாயகி அம்மா. ஆரணிக்காரர். ஒடிசலான உடம்பு, கறுப்புக் குடை, கஞ்சி போட்ட பருத்திப் புடவை. கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் ஆபீஸில் பியூன் முதல் எல்லாரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள்.

ஒரு வீட்டுக்குப் போவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அதை நான் யாரிடமும் அப்புறம் பார்க்கவில்லை. மருமகளைப் பார்க்கப் போனாலும் முதலில் மாமியாரைத்தான் கூப்பிடுவார். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்ல ஜெயா" என்பார் என்னிடம். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். தரையில், மாமியாருக்குப் பக்கத்தில் உட்காருவார். கோழி, மாடு, மழை இல்லாதது, எல்லாம் பேசுவார். மருமகள் மோர் கொண்டுவரும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். சொம்பை நீட்டுகிற கையைப் பார்ப்பார். பிறகு, போகிறபோக்கில் கேட்கிற மாதிரி மாமியாரிடம் கேட்பார்: "காலைல பழையது நெறைய மிஞ்சிடுச்சா?"

முதலில் எனக்கு இது எதற்கென்று புரியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கேட்டேன்.

"அடிதடி நடந்த ஊட்ல ராத்திரி யாரும்மா சாப்புடுவா? ஆக்கினது ஆக்கினபடி தண்ணி ஊத்திக் கெடக்கும். அடிச்சானான்னு கேட்டா மாமியா இல்லம்பா. பழையது மிஞ்சுச்சான்னு கேட்டா, 'ஆமாங்க, குண்டான் நெறைய கெடக்குது'ம்பா. அவ வாயாலயே வந்துடும்."

இப்படியும் ஒரு மூளையா என்று நான் அசந்து போனேன்.

ஒருமுறை மெட்ராஸிலிருந்து ஒரு கட்டுப் படங்கள் வந்தன. மாதர் சங்கத்தில் காட்டி விளக்கம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. முதல் படத்தில் பேண்ட் போட்ட ஒருவன் கையில் பிரம்போடு நிற்கிறான். கொண்டை போட்ட ஒரு பெண் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாள். கீழே 'மனைவியை அடிப்பது நாகரிகமல்ல' என்று பெரிய எழுத்து. நான் படத்தைத் தூக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள்.

"இவரு இன்னாங்க, வாத்தியாருங்களா? அந்தம்மா பரிச்சைல பெயிலாயிட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். கூட்டம் உருண்டு உருண்டு சிரித்தது. கேட்டவள் பூங்காவனம்மா, அந்த ஊர் மாதர் சங்கக் கன்வீனர். புருஷன் போன பிறகு தனியாளாக மல்லாட்டை பயிர் வைத்துக் காலம் தள்ளியவள். அவள் வாய்க்கு ஊரில் மணியக்காரரே பயப்படுவார். அன்றைக்கு யாரும் நான் சொன்னதைக் கேட்கவில்லை. திரும்பும்போது லோகநாயகி அம்மா அந்தப் படக்கட்டை என்னிடமிருந்து வாங்கிப் பஸ் சீட்டில் விரித்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"இதுல நம்ம ஊர் எங்க இருக்கு?" என்றார், மெதுவான குரலில்.

அந்தத் தை மாதம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. நான் அப்போது திருவூடல் தெருவுக்குப் பக்கத்தில் குடியிருந்தேன். மாட்டுப் பொங்கலன்று சாமியும் அம்மனும் அந்தத் தெருவில் சண்டை போடுவதை இருவரும் நின்று பார்த்தோம். திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தன்னைக் கும்பிடாத ஒரு முனிவருக்குச் சாமி அருள் செய்யப் போகிறார் என்று அம்மனுக்குக் கோபம். எதிரும் புதிருமாக நின்று ஊடல் செய்து, அம்மன் கோயிலுக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி வெளியே ராத்தங்கி, மறுநாள் மலையைச் சுற்றிவிட்டு வந்து, தூது போய், சமாதானம் பேசி, அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும். திருவூடலைக் கண்டவர்களுக்கு வீட்டில் மறுவூடல் இல்லை என்று சொல்வார்கள். அதற்காகவே ஜோடி ஜோடியாக வந்து நிற்பார்கள்.

அம்மன் திரும்பிப் போனதும் லோகநாயகி அம்மா என் தோளைப் பிடித்தார்.

"ஜெயா, அம்மன் கதவச் சாத்திட்டா. இந்த ஜனம் மொத்தமும் கன்னத்துல போட்டுக்குது. ஒருத்தராவது 'ஏன்டி சாத்துன, வாழாவெட்டி'ன்னு கேட்டாங்களா?"

அதுதான் விஷயம். எங்கள் ஊர்களில் அடி தாங்காமல் வெளியே வந்த பெண்ணுக்குப் போக இடம் கிடையாது. இடம் இருந்தாலும் பேர் போய்விடும். தாய்வீட்டுக்குப் போனால் வாழாவெட்டி. வேறெங்கு போனாலும் சொல்லவே வேண்டாம். போலீஸ் என்றால் குலநாசம். லோகநாயகி அம்மா சட்டத்தைக் கொண்டுவரவில்லை, படத்தைக் கொண்டுவரவில்லை. அம்மனைக் கொண்டுவந்தார்.

அடுத்த வாரமே பூங்காவனம்மா ஊரில் கூட்டம். பெண்களை மட்டும் கூப்பிடாமல் ஊர்ப் பெரியவர்களையும் கோயில் முன்னால் உட்கார வைத்தார். திருவூடல் கதையை முழுக்கச் சொன்னார். ஆண்களும் தலையாட்டினார்கள், தெரிந்த கதைதானே. முடித்துவிட்டு, "அம்மனுக்கு உண்டானது நம்ம ஊட்டுப் பொண்ணுங்களுக்கு இல்லைங்களா?" என்றார். யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? பூங்காவனம்மா வீட்டுப் பின்கட்டில் இருந்த மல்லாட்டை ரூம்பு அன்றைக்கு ஊடல் ரூம்பு ஆயிற்று.

அதற்கு லோகநாயகி அம்மா வைத்த சட்டதிட்டம் எனக்கு இன்றும் தலைகீழாகச் சொல்ல வரும். கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான். கோபித்துக்கொண்டு வருகிறவள் எந்த நேரத்திலும் வரலாம், விடியும்வரை யாரும் காரணம் கேட்கக் கூடாது. புருஷன் அன்றைக்கு அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டக் கூடாது. மறுநாள் குளித்துவிட்டு, தன் பக்கம் ஒரு பெரியவர், பெண் பக்கம் ஒருவர் என்று கூட்டிக்கொண்டு வர வேண்டும். பெண் கதவுக்கு உள்ளே இருந்தபடியே தன் குறையைச் சொல்ல வேண்டும். அவள் வாயால்தான் வர வேண்டும், அவளுக்காக வேறு யாரும் பேசக் கூடாது. கேட்டு முடித்தபின் அவன் கற்பூரம் கொளுத்தி, இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அப்புறம் அவளாகத் தாழ்ப்பாளைத் திறப்பாள்.

இதில் பூங்காவனம்மாவும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். முதன்முதலில் பெண்டாட்டியைக் கூப்பிட வந்தவன் மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்து நின்றான். "சாமியே மலை சுத்திட்டுத்தான் வந்துச்சு. நீ ஏரியையாவது சுத்திட்டு வாடா" என்று விரட்டிவிட்டாள். எங்கள் ஏரியைச் சுற்றி வர ஒரு காலை போய்விடும். அவன் வெயிலில் சுற்றி, வேர்த்து, செருப்பு அறுந்து, வழியில் எல்லாரிடமும் "இன்னாடா, மலை சுத்தறியா?" என்று கேலி வாங்கி, திரும்பி வந்தபோது பாதிக் கோபம் இறங்கியிருந்தது. அதிலிருந்து ஏரி சுற்றுவதும் சட்டமாகிவிட்டது.

நம்புங்கள், அது வேலை செய்தது. 'ஓடிப்போயிட்டா' என்று சொன்ன அதே வாய்கள் 'ஊடலுக்குப் போயிருக்கா' என்று சொல்ல ஆரம்பித்தன. ஏரி சுற்றுகிற வெட்கத்துக்குப் பயந்தே சில கைகள் மடங்கின. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று பழமொழி சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாமியார், மகனைப் பிடித்து, "அவ போய் ஊடல் ரூம்புல குந்திக்கினா எவன்டா உனக்குக் களி கிண்டுவான்?" என்று அதட்டியதை என் காதால் கேட்டேன். வேலூரிலிருந்து மேலதிகாரி ஜீப்பில் வந்து அந்த ரூம்பைப் பார்த்துவிட்டு, மூட்டைகளுக்கு நடுவில் நின்று எங்களைப் பாராட்டினார். அக்கம்பக்கத்து ஊர்களிலும் திறந்தார்கள். நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன். இவ்வளவு செலவில்லாத, இவ்வளவு நம்முடையதான ஒரு வழி உலகத்தில் வேறெங்கும் இருக்காது என்று நினைத்தேன்.

பிறகு பச்சையம்மா வந்தாள்.

பூங்காவனம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு இரண்டாவது பிரசவம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பொங்கலுக்கு முன்னால் அவளுடைய அண்ணன் பக்கத்து ஊரிலிருந்து சீர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அரிசி, வெல்லம், கரும்பு, புடவை, ஒன்றும் குறையில்லை. அவர் கிளம்பும்போது, "என்னையும் இட்டுகினு போண்ணா" என்று கேட்டிருக்கிறாள். பண்டிகை கழியட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பண்டிகை கழியும்வரை அவளால் இருக்க முடியவில்லை. பொங்கலன்று மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊடல் ரூம்புக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் எங்களுக்கு ஆள் வந்தது. திருவூடல் கூட்டம் பஸ் பஸ்ஸாக ஊருக்குள் வந்துகொண்டிருக்க, நானும் லோகநாயகி அம்மாவும் எதிர்ப்பக்கம் போகிற காலி பஸ்ஸில் ஏறிப் போனோம். பச்சையம்மா என்னை மட்டும் உள்ளே விட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, ஏறக்குறைய அவள் வயது, அதனால் இருக்கலாம்.

முகத்தில் கீறல் இல்லை. கையில் கன்னிப்போன இடம் இல்லை. "இன்னாம்மா, அடிச்சாரா?" என்று கேட்டேன்.

"அடிச்சிருந்தா இதோ பாருங்கன்னு காட்டிடுவேனுங்களே. இத எங்கன்னு காட்டறது?"

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள். என்னைப் பார்க்கவில்லை.

"பச்ச ஒடம்புங்க. தையல்கூட ஆறல. வாணாம் வாணாம்னு கால்ல வுழுந்தேன். தெனம் இதான். மூத்தது பொறந்தப்பவும் இப்படித்தான். காய்ச்சல்ல கெடந்தாலும் வுடறதில்ல. மூணாம் மனுஷங்ககிட்ட ரொம்ப நல்லவருங்க. என்ன ஒரு அடி அடிச்சதில்ல. அதட்டிப் பேசனதில்ல." குழந்தையை மடிக்கு இறக்கிவிட்டுக் கேட்டாள்: "டீச்சரம்மா, அதுக்கு இன்னா பேருங்க? சண்டன்னா சண்டன்னு சொல்லலாம். இதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் கற்பழிப்பு என்று ஒரு சொல் இருந்தது. அது அடுத்தவன் செய்வதற்கான சொல். கட்டினவன் செய்தால் அதற்கு எங்கள் பேச்சில் பெயரே இல்லை. வழக்குச் சொல்ல வார்த்தை வேண்டாமா? அந்த நிமிஷத்தில்தான் எங்கள் ரூம்பில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. நியாயம் கேட்க வேண்டுமென்றால் குறையைச் சொல்ல வேண்டும். கதவுக்கு வெளியே மாமனாரும், ஊர்ப் பெரியவரும், அண்ணனும் உட்கார்ந்திருப்பார்கள். இதை எந்தப் பெண் எந்த வாயால் சொல்வாள்?

கிணற்றடிக்குப் போய் லோகநாயகி அம்மாவிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் குடைக் கம்பியையே நோண்டிக்கொண்டு நின்றார். பிறகு, "ஆறு மாசம் தாய்வீட்டுக்கு அனுப்பிடலாம். உடம்பு தேறணும்னு சொல்லிக்கலாம்" என்றார். அண்ணனுக்கு ஆள் அனுப்பினார்.

பச்சையம்மாவின் புருஷன் ஏழுமலை வந்தான். அவனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அன்றைக்கு அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. விடியற்காலையிலேயே குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, ஏரியை முழுக்கச் சுற்றி வந்திருந்தான். கையில் மல்லிகைப்பூ. பெரியவர்கள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கற்பூரத்தைக் கையில் வாங்கி, "இனிமே அவ மேல கை நீட்டமாட்டேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தியம் செய்தான். அது பொய்ச் சத்தியம்கூட இல்லை. அவன்தான் அதுவரை ஒரு நாளும் கை நீட்டியதில்லையே.

"பொண்ணு கொறைய சொல்லட்டும்" என்றார் பெரியவர்.

உள்ளே குழந்தை சிணுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏண்டியம்மா, வாயத் தொறந்து சொன்னாத்தான தெரியும்" என்றாள் பூங்காவனம்மா. அவள் குரலில் இருந்தது பாசம்தான். லோகநாயகி அம்மா தாய்வீட்டுப் பேச்சை எடுத்தார். உடம்பு தேறட்டும், ஆறு மாதம் இருக்கட்டும் என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"முந்தாநேத்துதானுங்க சீர் வச்சிட்டுப் போனேன். வச்ச கையோட தங்கச்சிய இட்டுகினு போனா ஊர்ல இன்னா பேசுவாங்க? மச்சான் ஒரு அடிகூட அடிக்கலியேங்க. நான் இன்னா காரணம் சொல்றது?"

நான் எழுந்தேன். காரணத்தை நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். லோகநாயகி அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். "அவ சொல்லாதத நாம சொல்லிட்டா, நாளைக்கு அவ குளத்துக்குத் தண்ணிக்குப் போக முடியாது. கெணறுதான் மிஞ்சும்" என்று என் காதருகில் சொன்னார். குரல் மிக மெதுவாக இருந்தது. வேறொரு ஊரில் அப்படி ஆனதை அவர் பார்த்திருந்தார். அவர் சொன்னது சரிதான் என்று இன்றும் என் புத்தி சொல்கிறது. அந்தக் கையின் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் பெண்கள் ஆரம்பித்தார்கள். யாரும் திட்டவில்லை. ஒருத்தி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருந்தாள், ஒருத்தி குழந்தைக்குக் கயிறு கட்ட வந்திருந்தாள். எல்லாரும் கதவருகில் போய், தம் வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார்கள்.

"இன்னிக்குத் திருவூடல்டி. நாளும் கெழமையுமா இப்படிக் குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கு?"

"அம்மனே மறுநாளு தொறந்துட்டா. நீ இன்னா அம்மன விட ஜாஸ்தியா?"

"தொறம்மா. அவரு ஏரியெல்லாம் சுத்திட்டு வந்து நிக்கறாரு பாரு."

"தொறடி, கண்ணு."

நாங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கதை. அதை வைத்துத்தான் அந்தக் கதவை வாங்கினோம். அதை வைத்தே திறக்கச் சொன்னார்கள். கதையைக் கடன் வாங்கினால் அதன் முடிவையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்பது எங்களுக்கு முன்கூட்டித் தெரியாமல் போயிற்று. அந்தக் கதையில் மறுநாள் உண்டு. மறுநாளும் திறக்காத அம்மன் கிடையாது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. பச்சையம்மா குழந்தையோடு வெளியே வந்தாள். அவன் கொண்டுவந்த பூவை யாரோ அவள் தலையில் வைத்துவிட்டார்கள். ஆரத்தி எடுத்தார்கள். பூங்காவனம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சந்தோஷத்தில். அவளுக்குக் காரணம் தெரியாது. படியிறங்கும்போது பச்சையம்மா ஒரே ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு நாள் வலித்திருக்காது.

அதற்குப் பிறகு நாங்கள் சும்மா இருக்கவில்லை. குறை கேட்கும்போது ஆண்கள் யாரும் இருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் சேர்க்கப் பார்த்தார் லோகநாயகி அம்மா. வந்தவள் வேண்டுமானால் ஒரு மாதம்கூட உள்ளே இருக்கலாம் என்று சேர்க்கப் பார்த்தார். 'தூது சொல்ல ஆம்பள இல்லாத சமாதானமா? கதவு ஒரு மாசம் சாத்திக்கெடந்தா அது ஊடலா?' என்று ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. அது நம் கதையில் இல்லையே அம்மா என்றார்கள். சாமி கதையில் கைவைத்தால் ரூம்பே போய்விடும் என்று பயந்து நாங்களும் பின்வாங்கினோம். அடிபடுகிற பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், மறுநாள் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் நன்றாகவே இருந்தார்கள். அந்த ரூம்பு இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் மோசம், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடியில்லாத அந்த வழக்கோடு அதன் பிறகு ஒருத்திகூட வரவில்லை. இல்லாததால் வரவில்லை என்று நினைக்க நான் முட்டாள் இல்லை.

பச்சையம்மாவும் வரவில்லை. தையல் வகுப்பையும் விட்டுவிட்டாள். அவளுக்கு இன்னும் இரண்டு பிறந்தன. தெருவில் பார்த்தால் சிரித்து, "மோர் குடிச்சிட்டுப் போங்க" என்பாள். ஊரில் அவளை உதாரணம் காட்டினார்கள். ஒரு தடவை ஊடலுக்குப் போனா, அப்பால ஒரு சத்தம் உண்டா பாரு அந்த ஊட்ல, என்று.

எண்பதுகளின் கடைசியில் லோகநாயகி அம்மா ஓய்வு பெற்றார். கடைசி மாதத்தில் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார், நானும் கூடப் போனேன். அவருக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது, குடை மட்டும் அதே குடை. பூங்காவனம்மாவைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு ஊட்டுக்கும் போலாம் ஜெயா" என்றார். எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை.

பச்சையம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது, பார்க்க ஐம்பது சொல்லலாம். ஏழுமலை கழனிக்குப் போயிருந்தான். லோகநாயகி அம்மா தரையில் உட்கார்ந்து, மாமியாரைக் கேட்டு, மழையைக் கேட்டு, கடைசியில், "நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

"இருக்கேங்க. எனுக்கு இன்னாங்க" என்றாள்.

அவளுடைய மூத்த பெண் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பாவாடை தாவணி, நல்ல உயரம். அவள் உள்ளே போகும்வரை பச்சையம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எங்களுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பொண்ணு கேட்டு வராங்க. ஒரு ஒத்தாச பண்ணணும் நீங்க. நீங்க ரெண்டு பேரும் ஊர் ஊரா போறவங்க, எல்லா ஊட்டுச் சங்கதியும் தெரிஞ்சவங்க."

"மாப்பிள்ளை பாக்கணுமா?" என்றார் லோகநாயகி அம்மா.

"மாப்ளைய பாத்து இன்னாங்க ஆவப் போவுது? மூணாம் மனுஷங்களுக்கு எல்லா மாப்ளையும் நல்ல மாப்ளைதான். ஊரப் பாத்துக் குடுக்கலாம்னு இருக்கேன்." அவள் குரலை உயர்த்தவும் இல்லை, அழவும் இல்லை. "பொண்ணு ஒரு நாளு கதவ சாத்திக்கினா, மறுநாளு நாலு பேரு வந்து தொறடி தொறடின்னு சொல்லாத ஊரா ஒண்ணு சொல்லுங்க. ஏழப்பட்ட எடமா இருந்தாலும் பரவால்ல. கெணத்துல தண்ணி இல்லாத ஊரா இருந்தாலும் குடுத்துடறேன்."

லோகநாயகி அம்மா என் பக்கம் திரும்பினார். அவர் பிற்காலத்தில் ஆபீஸ் வேலையோடு இருந்துவிட்டவர், நான் கால்நடையாக அலைந்தவள், ஒன்றியத்தில் எனக்குத் தெரியாத தெரு இல்லை. ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு அந்தப் பக்கத்து ஊர்களை. பிறகு செங்கம் ரோட்டில் இருக்கிறவற்றை, பிறகு நான் பிறந்த ஊரை, நான் குடியிருக்கிற தெருவை.

பச்சையம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.